பாட்டில் அக்காவும் ட்ரெய்ன் மாத்திரையும்

எங்க ஊர் கோலார் தங்கவயல்ல நிஜம் பேசினவங்கன்னு ஒரு லிஸ்ட் எடுத்தா, அதுல முக்கால்வாசிப் பேரு பாட்டில் அக்கா முன்னாடி கையை நீட்டினவங்களாத்தான் இருப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல வாயே தொறக்காத ஆளு, பொண்டாட்டிகிட்ட இருபது வருஷமா மறைச்சதையெல்லாம் அக்காகிட்ட மூணே நிமிஷத்துல கொட்டிட்டு, முழங்கையில பஞ்சை அழுத்திப் பிடிச்சிக்கிட்டு வெளியே வருவார். அப்படிப்பட்ட சக்தி.

அக்கா ராபர்ட்சன்பேட்டையில ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன். பாட்டில்னதும் நீங்க வேற எதையும் நினைச்சுடாதீங்க. ரத்தத்துல கிருமி இருக்கான்னு பார்க்கறதுக்கு, ரத்தத்தை எடுத்து மருந்துத் தண்ணி இருக்கற ஒரு சின்ன பாட்டில்ல விட்டு, இதமான சூட்டுல சில நாள் வெச்சிருப்பாங்க. கிருமி இருந்தா வளரும், பாட்டில் கலங்கும். அப்புறம் அதை ஒரு தட்டுல தடவி, வளர்ந்தது யாருன்னு பேர் கண்டுபிடிப்பாங்க. கல்ச்சர்னு சொல்றது அதைத்தான். இந்த பாட்டில்களை ஒரு நீலப் பையில போட்டுக்கிட்டு அக்கா வார்டு வார்டா சுத்துவாங்க. அதனால வந்த பேரு.

ஆள் நாலே முக்கால் அடி. குரல் மட்டும் அந்தக் காலத்துல சுரங்கத்துல ஷிஃப்ட் மாறும்போது ஊதுற சங்கு. காதுல எப்பவும் ஒரு பென்சில். யாரையும் முகம் பார்த்து ஞாபகம் வெச்சிக்க மாட்டாங்க, நரம்பு பார்த்துத்தான். மார்க்கெட்ல தக்காளி பொறுக்கிக்கிட்டு இருப்பீங்க, பின்னாடியிருந்து சங்கு ஊதும்.

"ஏய், வலது கை, ஆழத்துல ஓடற நரம்பு! எப்டி கீற?"

நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அதுல ஒருத்தருக்கு அது தன்னைத்தான்னு தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளையோட சம்பளம், படிப்பு எதையும் கேக்க மாட்டாங்க. கை குலுக்கற சாக்குல சட்டைக் கையை லேசா மேல தள்ளிப் பார்த்துட்டு, பொண்ணோட அம்மாகிட்ட, "நல்ல நரம்பு, தைரியமா குடு"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டு சாப்பிடப் போயிடுவாங்க.

அக்காவுக்குப் பிடிக்காத வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான், ஜுரம். "ஜுரம்னு ஒரு வியாதியே கெடையாது. யாரோ கதவ தட்டறாங்க, அந்த சத்தம்தான் ஜுரம். யாருன்னு பாக்காம காதுல பஞ்சு வெச்சிக்கினா சரியாப் போச்சா?" இது அவங்க தினப்படி பிரசங்கம். புதுசா வந்த டாக்டர் யாராவது கேஸ் ஷீட்டுல வைரல் ஃபீவர்னு எழுதிட்டா போச்சு. அந்தப் பேப்பரைக் கையில எடுத்துக்கிட்டு நேரா அவர் ரூமுக்கே போயிடுவாங்க. "வைரலா? எந்த வைரஸ் டாக்டர்? அதுக்குப் பேர் இல்லியா? அப்பா அம்மா இல்லாத அனாதையா அது?" டாக்டருங்க பாவம், படிச்சிட்டு வந்தவங்க. அக்காவைச் சமாளிக்கிறது எப்படின்னு எந்த காலேஜ்லயும் சொல்லித் தர்றதில்ல.

விசாரணை நடக்கற விதம் இப்படி. உங்க கையில ரப்பர் ட்யூபைக் கட்டுவாங்க. ஊசியைக் கையில எடுப்பாங்க. ஆனா குத்த மாட்டாங்க. ஊசி உங்க கண்ணு முன்னாடி நிக்கும்.

"மாட்டுப் பால் காய்ச்சாம குடிச்சியா? ஆடு வெச்சிருக்கியா? எலி கீதா வீட்ல? புதருக்குள்ள போனியா? இன்னா மாத்திரை போட்ட?"

ஒவ்வொரு கேள்வியும் மூணு தடவை. முதல் தடவை நீங்க சொல்றது பொய்யாம், ரெண்டாவது வீட்டுக்காரங்களுக்காகச் சொல்றதாம், மூணாவதுதான் நிஜமாம். இது அவங்க கணக்கு.

ஒரு ரிட்டயர்டு ஃபோர்மேன். இருபது நாளா ஜுரம், சாயந்தரமானா குளிர், இடுப்பு வலி. பக்கத்துல அவர் சம்சாரம், "எங்க வீட்டுக்காரர் வெளிய பச்சத் தண்ணி கூட குடிக்க மாட்டார்"னு பெருமையா நிக்கறாங்க. அக்கா மூணாவது தடவை கேட்டதும் ஃபோர்மேன் தலையைக் குனிஞ்சிக்கிட்டார். தினமும் வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு, சிநேகிதர் வீட்டுக்குப் போய், கறந்த சூட்டுலயே ஒரு டம்ளர் ஆட்டுப் பால் குடிக்கறாராம். ஒடம்புக்கு பலமாம்! பாட்டில்ல ஆட்டுப் பால் வழியா வர்ற கிருமிதான் வளர்ந்தது. மருந்து குடுத்து ஜுரத்தை எறக்கிட்டாங்க. சம்சாரத்தோட கோபத்தை எறக்க மருந்து இல்ல, அது ரொம்ப நாள் அப்படியே இருந்துச்சு.

இன்னொரு பையன், பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு வந்தவன், தங்கம் பிரிச்ச கழிவு மண்ணு மலை மாதிரி குவிஞ்சிருக்கற சயனைடு மேட்டுப் பக்கம் புதர்ல நின்னு ஆடி வீடியோ எடுத்திருக்கான். பத்து நாள் கழிச்சு ஜுரம், தலை தூக்க முடியல. அக்காவுக்கு சந்தேகம், புதர்ல இருக்கற சின்னப் பூச்சி எங்கயாவது கடிச்சிருக்கும், கடிச்ச எடத்துல கருப்பா பொருக்கு இருக்கும்னு. பையன் எல்லா எடமும் காட்டிட்டேன்னு சத்தியம் பண்றான். அக்கா வார்டு அண்ணனைக் கூப்பிட்டு, "டார்ச்ச எடுத்துனு போ. அவன் சத்தியம் பண்ற எடத்த உட்டுட்டு மிச்ச எடத்தப் பாரு"ன்னாங்க. இருந்துச்சு. எங்கேன்னு கேக்காதீங்க. அந்தப் பையனுக்கு இப்ப கல்யாணம் ஆயிடுச்சு.

சரி, என் கதைக்கு வர்றேன். சிரிச்சதெல்லாம் போதும்னு நான் கையை நீட்ட வேண்டிய நாளும் வந்துச்சு.

எனக்கு பெங்களூருல ஒரு ரெடிமேட் கம்பெனியில வேலை. சட்டையில தையல் விட்டிருக்கா, பட்டன் சரியா இருக்கான்னு பார்த்து அனுப்பணும். எங்க ஊர்லயே இருக்கற கோரமண்டல் ஸ்டேஷன்ல காலையில முதல் ட்ரெய்ன் ஏறினா, சாயந்தரம் அதே கூட்டத்தோட திரும்புவேன். எங்க லேடீஸ் பெட்டி ஒரு பெட்டி இல்ல, ஒரு குடும்பம். ஒருத்தி பீன்ஸ் நறுக்குவா, ஒருத்தி மல்லிப் பூ கட்டுவா, இட்லி ஒரு பக்கத்துல இருந்து கிளம்பினா சட்னி எதிர்ப் பக்கத்துல இருந்து வரும். அதே மாதிரிதான் மாத்திரையும். யாராவது "தல வலிக்குது"ன்னு வாயெடுத்தா போதும், ஏழு பை தொறக்கும். அதுலயும் எங்க கோமதி அக்கா இருக்காங்களே, ஒரு ஐ.டி. கம்பெனியில ஹவுஸ் கீப்பிங் சூப்பர்வைசர், அவங்க பை ஒரு மெடிக்கல் ஷாப். வீட்ல யார் யாருக்கோ டாக்டர் எழுதிக் குடுத்து மிச்சமான மாத்திரை அட்டையெல்லாம் அதுலதான் இருக்கும். வீணாப் போகக் கூடாதுல்ல!

போன மழைக்காலத்துல எனக்கு ஜுரம் வந்துச்சு. ஒரு வாரம் ட்ரெய்ன்லயே சமாளிச்சேன். அப்புறம் ஒயிட்ஃபீல்ட் ஸ்டேஷன் படியில கால் மடங்கி உட்கார்ந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தார். மலேரியா பார்த்தாங்க, இல்ல. டெங்கு பார்த்தாங்க, இல்ல. எக்ஸ்ரே, ஸ்கேன், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, எல்லாம் ஆச்சு. மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்குன்னாங்க. அவ்வளவுதான் கிடைச்சுது. ஜுரம் மட்டும் ஏறுது, எறங்குது, ஏறுது.

பாட்டில் அக்கா வந்தாங்க. கட்டினாங்க. ஊசி கண்ணு முன்னாடி நின்னுச்சு.

"இங்க வர்றதுக்கு முன்னாடி இன்னா மாத்திரை போட்ட?"

"ஒண்ணும் போடலக்கா."

"இன்னா மாத்திரை போட்ட?"

"நெஜமா இல்லக்கா."

"வசந்தி. இன்னா மாத்திரை போட்ட?"

"எங்க பொண்ணு மேல சத்தியமா இல்லக்கா."

நான் பொய் சொல்லல. இதை நீங்க நம்பணும். மாத்திரைன்னா என்ன? டாக்டர் சீட்டுல எழுதி, கடையில வாங்கி, வீட்ல சாப்பாட்டுக்கு அப்புறம் போடறது. ட்ரெய்ன்ல குடுக்கறது மாத்திரை கணக்குல எப்படி வரும்? ட்ரெய்ன்ல சாப்பிட்ட முறுக்கை வீட்ல நாஷ்டான்னு சொல்லுவீங்களா? எங்க ஊர்ல இருந்து தினம் போய்ட்டு வர்ற எவளைக் கேட்டாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பா.

ரெண்டு தடவை ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு தடவையும் பாட்டில் தெளிவா, ஒரு தூசி இல்லாம நின்னுச்சு. ஜுரம் வந்து பதினாறாம் நாள் டாக்டர் வந்தார். கோலார் பக்கத்துப் பையன், சின்ன வயசு, நல்ல மனசு. எங்க வீட்டுக்காரரைத் தள்ளிக் கூட்டிட்டுப் போய், "எதுவும் கிடைக்கலேன்னா டி.பி. மருந்து ஆரம்பிச்சுப் பார்க்கலாம்"னு சொன்னார்.

அந்த ரெண்டு எழுத்து எங்க வீட்டுக்கு எப்படிப்பட்டதுன்னு அந்தப் பையனுக்குத் தெரியாது. எங்கப்பா சுரங்கத்துல இருந்தவர். நெஞ்சு பூரா தூசி, அதுக்கு மேல டி.பி. கடைசி ஒரு வருஷம் தனித் தட்டு, தனி டம்ளர். என் மாமியாருக்கு அது எல்லாம் தெரியும். அன்னிக்கே என் பொண்ணு நிலாவை வார்டுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. "இன்னா ஜுரம்னு தெரியட்டும். அது வரைக்கும் புள்ள அவ கிட்ட போவக் கூடாது." நாலு வயசுப் புள்ள. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு அழுதிருப்பேன்.

தினம் பத்து மணிக்கு எங்க வீட்டுக்காரர் அவளைத் தோள்ல தூக்கிட்டு வந்து காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நிப்பார். நான் ஜன்னல்ல. அவ கையாட்டுவா. "அம்மா, எறங்கி வா"ன்னு கத்துவா. நான் சிரிப்பேன். அவங்க போனதும் தலகாணியில முகத்தை வெச்சிக்கிட்டு கெடப்பேன். செத்துடுவோமோன்னு கூட எனக்கு அவ்வளவு பயம் இல்ல. அவளைத் தொடாமலே செத்துடுவோமோன்னுதான் பயம்.

இந்த நேரத்துல பாட்டில் அக்கா என்ன பண்ணாங்க? என் கட்டில்ல தொங்கற ஜுரச் சார்ட்டைக் கழட்டிக்கிட்டுப் போய் ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு அரை மணி நேரம் பார்த்தாங்க. காதுல இருந்த பென்சிலை எடுத்து எதையோ வட்டம் போட்டாங்க. அப்புறம் திரும்பினாங்க.

"தெனம் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஜுரம் எறங்குது. நர்ஸ் குடுக்கற மாத்திரை மதியமும் ராத்திரி பத்து மணிக்கும்தான். நடுவுல எப்டி எறங்குது?"

"தெரியலயேக்கா."

"ஏழு மணிக்கு விசிட்டர்ஸ். யாரு வர்றாங்க உன்னப் பாக்க?"

"எங்க ட்ரெய்ன் ஆளுங்கதான்."

"இன்னா எடுத்துனு வர்றாங்க?"

"ரசம் சாதம்க்கா."

"ரசம் சாதம்?"

"ரசம் சாதம்தான்க்கா."

மூணாவது தடவை கேக்கல. சார்ட்டைத் திருப்பிக் கட்டில்ல மாட்டிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த நாள் வியாழக்கிழமை. அன்னிக்கு ட்ரெய்ன்ல நடந்ததை கோமதி அக்கா எனக்குச் சொன்னதை வெச்சுச் சொல்றேன். கோரமண்டல்ல ஒரு குள்ளமான அம்மா ஏறினாங்களாம். தலையோட சேர்த்து சால்வை, மூஞ்சியில மாஸ்க். என் சீட்டு காலியா இருந்துச்சுல்ல, அங்க போய் பொத்துன்னு உட்கார்ந்து முனகினாங்களாம். வாயைத் தொறந்து பேசினா ஊருக்கே அடையாளம் தெரிஞ்சிடும், அதனால வெறும் முனகல்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"ம்ம்ம்."

"ஜுரமா?"

"ம்ம்ம்."

அவ்வளவுதான். பைங்க தொறந்துச்சு. பங்காரப்பேட்டை வர்றதுக்குள்ள அந்த அம்மா மடியில நாலு மாத்திரை. வண்டி அங்க நின்னப்போ யாரோ ஒருத்தி எறங்கிப் போய் சூடா டீ வாங்கிட்டு வந்து, "இதோட சேத்துப் போட்டுக்கோ"ன்னு அஞ்சாவது குடுத்தாளாம். பக்கத்துப் பெட்டிக்குச் சேதி போய் அங்கேர்ந்தும் ரெண்டு வந்துச்சாம். மாலூர் வரும்போது மொத்தம் பதினொண்ணு. வெள்ளை, மஞ்சள், ரோஸ், பாதி சிவப்பு பாதி கருப்பு. ஒண்ணு மாட்டுக்குக் குடுக்கறதுன்னு அப்புறம் தெரிய வந்துச்சு. அது யாரோடதுன்னு இன்னி வரைக்கும் ஒருத்தியும் ஒத்துக்கல.

கோமதி அக்கா மட்டும் கடைசியாத்தான் குடுத்தாங்களாம், அதுவும் விளக்கத்தோட. "இது இருக்கே, ரொம்ப பவரு. எங்க அண்ணனுக்கு ஆபரேஷன் ஆனப்ப குடுத்தது. இந்த சீட்ல வர்ற நம்ம வசந்திக்கும் இதான் குடுத்துனு கீறோம். பாவம், ஆஸ்பத்திரியில சரியாவே பாக்க மாட்றாங்க. நான்தான் தெனம் சாயந்தரம் ரசம் சாதத்து மூடியில வெச்சு, ஜுர மாத்திரை ஒண்ணு, இது ஒண்ணு, தவறாம குடுத்துட்டு வர்றேன்."

சால்வை கீழ விழுந்துச்சு. மாஸ்க் எறங்கிச்சு.

"தவறாமயா? ஞாயித்துக்கெழம?"

அந்தக் குரலைக் கேட்டதும் பெட்டியில பாதிப் பேரு அவங்களை அறியாம கையை நீட்டிட்டாங்களாம்.

"ஞாயித்துக்கெழம எங்களுக்கு லீவுக்கா"ன்னாங்களாம் கோமதி அக்கா.

"அப்ப கிருமிக்கும் லீவு! வாரத்துல ஆறு நாள் கிருமி மருந்தால அடி, ஒரு நாள் ரெஸ்ட்டு. சாவவும் சாவாது, பாட்டில்லயும் வளராது. நல்லா ட்ரெய்னிங் குடுத்து வெச்சிக்கிறீங்கடி!"

மாலூர்ல எறங்கி, எதிர் ட்ரெய்னைப் பிடிச்சு, பதினோரு மணிக்கு வார்டுக்கு வந்தாங்க. டாக்டர் அப்ப என் பக்கத்துலதான் இருந்தார். அக்கா பதினொரு மாத்திரையையும் என் போர்வை மேல கொட்டினாங்க. டாக்டர், "ஏனம்மா இது!"ன்னு, அதாவது என்னம்மா இதுன்னு, கன்னடத்துலயே கேட்டுட்டார்.

"இவ சாப்புட்ட ரசம் சாதம் டாக்டர்."

நான் வாயைத் தொறந்தேன். "அக்கா, அது மாத்திரைன்னு..."

"பேசாத." விரல் என் மூக்குக்கு நேரா நின்னுச்சு. "உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணியே, அத நெனச்சுனு பேசாம படு."

படுத்தேன். அதுக்கு மேல திட்டியிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அப்புறம் அக்கா டாக்டர்கிட்ட பேரம் பேசினாங்க. டி.பி. மருந்தை அடுத்த புதன்கிழமை வரைக்கும் ஆரம்பிக்கக் கூடாது. ரெண்டு நாள் எந்த கிருமி மருந்தும் குடுக்கக் கூடாது. ரசம் சாதம் கண்டிப்பா கூடாது. சனிக்கிழமை மறுபடியும் ரத்தம், கூடவே எலும்புக்குள்ள இருந்தும் எடுக்கணும்.

"எலும்புக்குள்ளயா?"ன்னேன்.

"மேல கெடைக்கலன்னா கீழ் லெவலுக்குத்தான் போவணும். உங்கப்பா தங்கத்த ரோட்லயா பொறுக்குனாரு? ரத்தத்துல மருந்து போயி அடிச்சிருந்தாலும் எலும்பு மஜ்ஜையில அது ஒளிஞ்சினு இருக்கும்."

டாக்டர் யோசிச்சார். "புதன்கிழமை வரைக்கும்தான் சிஸ்டர். அதுக்கு மேல என்னால ரிஸ்க் எடுக்க முடியாது"ன்னார். அக்காவை யாரும் சிஸ்டர்னு கூப்பிட்டு நான் பார்த்ததில்ல. கோபம் வரும்னு பார்த்தேன், வரல.

அந்த ரெண்டு நாளை நான் மறக்க மாட்டேன். மருந்து நின்னதும் ஜுரம் தலைக்கு மேல போச்சு. பல்லு கிட்டிச்சு. மாமியார் வார்டு வாசல்ல நின்னு, "மருந்தே குடுக்காத ஆஸ்பத்திரிய எங்கயாவது பாத்துக்கிறீங்களா?"ன்னு சத்தம் போட்டாங்க. எங்க வீட்டுக்காரர் செல்போன் ரிப்பேர் பண்ற மனுஷன், யார்கிட்டயும் அதிர்ந்து பேச மாட்டார். அவரே அக்காகிட்ட போய், "எதுனா ஆச்சுன்னா?"ன்னு கேட்டாராம். அக்கா நேரா என்கிட்ட வந்து ஈரத்துணியை நெத்தியில போட்டு, "தாங்குவியா?"ன்னு கேட்டாங்க. ஒரே தடவைதான் கேட்டாங்க. தலையாட்டினேன்.

சனிக்கிழமை இடுப்பு எலும்புல ஊசி போட்டாங்க. எங்க வம்சத்துல எத்தனை பேரு கேஜ்ங்கற இரும்புக் கூண்டுல சுரங்கத்துக்குள்ள எறங்கியிருக்காங்க, ஆனா எலும்புக்குள்ளயே சுரங்கம் மாதிரி ஒரு ஷாஃப்ட் தோண்டினது எனக்குத்தான். கத்தின கத்து ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயித்துக்கிழமை பகல் பூரா கரண்ட் கட். லைன் வேலையாம். ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும்தான் வந்துச்சு. பாட்டில்கள் இருக்கற சூட்டுப் பெட்டியோட கதவைத் தொறந்தா உள்ள இருக்கற சூடு போயிடும். அக்காவுக்கு அன்னிக்கு லீவு. ஆனாலும் வந்து, பெட்டி கதவை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு, அதுல உட்கார்ந்து, கதவுக்கு முதுகைக் குடுத்துட்டாங்களாம். சாப்பாடும் அங்கேயே. லேப் இன்சார்ஜ் வந்து, "நான் ஒரு நிமிஷம் தொறந்து பார்க்கறேன்"னதுக்கு, "என்னத் தாண்டிப் போய் தொற"ன்னாங்களாம். நர்ஸ் பொண்ணு ஒருத்தி வந்து சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

திங்கக்கிழமை காலையில அதே நர்ஸ் ஓடி வந்தா. "அக்கா பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு தனியா சிரிக்கறாங்க. பயமா கீது." எலும்புல இருந்து எடுத்த பாட்டில் கலங்கியிருந்துச்சு. ரத்த பாட்டில் அப்பவும் தெளிவாத்தான் இருந்துச்சாம். டாக்டர் என்கிட்ட, "ஏதோ வளருது, டி.பி. மாதிரி தெரியல"ன்னு சந்தோஷமா சொன்னார். பின்னாடியிருந்து அக்கா குரல் வந்துச்சு, "ஏதோன்னு சொல்லாத டாக்டர். பேரோட வரும், இரு."

செவ்வாய்க்கிழமை ஒரு சேதியும் இல்ல. நானே நாலு தடவை நர்ஸை அனுப்பினேன். நாலு தடவையும் திட்டு வாங்கிட்டு வந்தா.

புதன்கிழமை பத்து மணிக்கு ஜன்னலுக்குப் போனேன். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல. நிலா வரல. ஒருவேளை அவளுக்கும் ஜுரமோன்னு நினைச்சேன். கட்டிலைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

அப்ப நடந்தது வேற. காலையில ஏழு மணிக்கே அக்கா கோரமண்டல்ல எங்க லைன் வீட்டுக்குப் போயிருக்காங்க. மாமியார் வாசல் தெளிச்சிக்கிட்டு இருந்திருக்காங்க.

"புள்ளைய எடு."

"இன்னா ஜுரம்னு தெரியாம நான் எப்டி..."

"டைஃபாய்டு. பேரு வந்துடுச்சு. எந்த மருந்துக்குச் சாவும்னும் வந்துடுச்சு. இது வாய் வழியா உள்ள போற கிருமி, இருமல்ல வராது, மூச்சுல வராது. சாப்பாடு, தண்ணி, கை, இந்த மூணும் சுத்தமா இருந்தா ஒண்ணும் ஆவாது. புள்ளைய எடு."

என் மாமியார் லேசுப்பட்டவங்க இல்ல. ரேஷன் கடை க்யூவுல அவங்களைத் தாண்டி ஒருத்தரும் போனதில்ல. அவங்களே உடனே நிலாவுக்குத் தலை சீவி, பூ வெச்சு அனுப்பியிருக்காங்க.

வார்டு கதவு தொறந்துச்சு. முன்னாடி அக்கா, காதுல பென்சில், ஒரு கையில ரிப்போர்ட். இன்னொரு கையில என் பொண்ணு. வர்ற வழியில லேப் கண்ணாடிக்கு வெளியே அவளை நிக்க வெச்சு, உள்ள போய், மூடின தட்டைத் தூக்கிக் காட்டினாங்களாம்.

"அம்மா, உன் ஜுரத்தைப் பாத்தேன். தட்டுல புள்ளி புள்ளியா கீது. அத அடிச்சீங்களான்னு நான் கேட்டேன். இல்ல, பேரு கேட்டேன், அதுவே சொல்லிட்சுன்னு இந்த அக்கா சொன்னாங்க."

ஓடி வந்தவளை அக்கா சட்டையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "முதல்ல கை." குழாய்க்குக் கூட்டிட்டுப் போய் சோப்பு போட்டு மூணு தடவை கழுவ வெச்சாங்க. எனக்கும் மூணு தடவை. அப்புறம்தான் விட்டாங்க. நிலா என் மேல ஏறிப் படுத்தா. இத்தனை நாளா ஜன்னல் கம்பி வழியா பார்த்த முகம் என் கழுத்துக்குள்ள இருந்துச்சு. நான் சத்தம் போட்டு அழுதேன். வெக்கமே படல.

அக்கா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து ஆரம்பிச்சாங்க. "எங்க சாப்ட்ட? ஒயிட்ஃபீல்ட் ஸ்டேஷன்ல பானி பூரியா? பானி பூரியா? பானி..."

மூணாவது பானி பூரி முடியல. தலை சாஞ்சிடுச்சு. வாய் லேசா தொறந்து, செருப்பு கூட கழட்டாம, அப்படியே தூங்கிட்டாங்க. சனிக்கிழமையில இருந்து விடியறதுக்கு முன்னாடி வந்து அந்தப் பெட்டியைப் பார்த்துட்டுத்தான் மத்த வேலைன்னு நர்ஸ் மெதுவா சொன்னா. ஃபேன் என் கட்டிலுக்கு மேல சுத்துது, அவங்க உட்கார்ந்திருந்த மூலைக்குக் காத்து எட்டல. நெத்தி பூரா வேர்வை.

ரிப்போர்ட்டை அவங்க மடியில இருந்து எடுத்தேன். ஒரு கையில என் பொண்ணு, ஒரு கையில அந்தப் பேப்பர். அதாலயே மெதுவா விசிற ஆரம்பிச்சேன். கை வலிச்சப்ப நிலா வாங்கி விசிறினா. லேப்ல இருந்து யாரோ அவங்களைத் தேடிக்கிட்டு வந்து, "பாட்டில் அக்கா இங்க இருக்காங்களா, வேலை கீது"ன்னு எழுப்பக் கையை நீட்டினாங்க.

"எங்க அக்கா தூங்கறாங்க. அப்புறம் வாங்க"ன்னேன்.